செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டது

முரளி,

நலம் என்று எழுதித் தொடங்கினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் வேலையைப் போட்டுவிட்டு மறுபடியும் திருப்பதியிலிருந்து சித்தூருக்குக் காரை விரட்டிக்கொண்டு வருவாய். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு வந்த நெஞ்சு வலி எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, உன் மாமனாருக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு இன்று காலையில்தான் சொன்னேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். காலையில் பத்து மணி வரைக்கும் என் தொண்டை திறக்காது. ராத்திரியெல்லாம் மேலே ஏறி ஏறி வந்த புளிப்பு குரலைக் கெடுத்து வைத்திருக்கும். பத்து மணிக்குமேல் குரல் வந்துவிடும், தைரியம் போய்விடும். அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு உன் வீட்டில் பாப்பாவுக்கு அன்னப்பிராசனம் என்று நாள் குறித்திருந்தோம். ஐந்து மாதக் குழந்தையின் வாயில் விழப்போகும் முதல் சோறு. அப்பாவைப் பெற்ற தாத்தாதான் தங்க மோதிரத்தால் பாயசத்தைத் தொட்டு அவள் நாக்கில் வைக்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்று உன் மாமனார் பத்து நாளாகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முந்தின நாள் மூன்று மணி பஸ் ஏற வேண்டியது. ஏறவில்லை. ஆறு மணிக்கு உனக்கு என் போன் வந்தது. உன் வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மாவையும் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு நீ ஓடி வந்தாய். ஒன்பதரை மணி நல்ல நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் போனது. ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வயதையும் வலியையும் பார்த்தால் திங்கள்கிழமை ஆஞ்சியோ செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். உன் அம்மா பையோடு இங்கேயே தங்கிவிட்டாள், இனி திருப்பதிக்கு வர மாட்டாளாம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் திங்கள்கிழமை வேலையை ராஜினாமா செய்யப் போகிறேன் என்று மருமகள் லாவண்யா சொல்லிவிட்டாள். உன் மாமனார் என் இதயத்துக்காக நாளை சனிக்கிழமை திருமலைக்கு அலிபிரி படியேறி மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இத்தனையும் எதனால் என்றால், நான் ஒரு தட்டு கேழ்வரகுச் சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டதால். சும்மா சாப்பிடவில்லை, பொறாமையில் சாப்பிட்டேன்.

நீ சிரிப்பதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகிறேன். எனக்கு இந்த வியாதி வந்தது நீ பத்தாவது முடித்து இன்டர் முதல் வருஷம் சேர்ந்த சமயத்தில். அப்போது மாங்கூழ் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். மாம்பழ சீசன் வந்துவிட்டால் வாசலில் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கும். காலைச் சாப்பாடு டீ, மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு வீட்டுக்கு வந்து பதினோரு மணிக்கு. கையைக் கழுவின ஈரம் காயும் முன் படுக்கை. ஒரு சீசனில் நெஞ்சுக்குழியில் எரிய ஆரம்பித்தது. கேஸ் என்றார்கள், சோடா குடித்தேன். அடுத்த சீசனில் தொண்டை வரைக்கும் வந்தது. கடையில் நானாக மாத்திரை வாங்கி விழுங்கினேன். அப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். கடைசியில் தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து இருமியபோதுதான் உன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பைக்கு மேலே மூடிக்கொள்ள வேண்டிய இடம் தளர்ந்துவிட்டது, அமிலம் மேலே வருகிறது, உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறது என்றார்கள். ஆசிட் ரிஃப்ளக்ஸ். பெயர் தெரிந்ததும் பாதி குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

பெயர் தெரிந்து என்ன ஆயிற்று? சாயங்காலம் ஆறரைக்குள் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. புளி கூடாது, மிளகாய் கூடாது, வறுத்தது கூடாது, காபி கூடாது. கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுத்தால் தொண்டைக்குள் அமிலம். கோயிலில் விழுந்து கும்பிட்டால் சாமிக்கு முன்னாலேயே புளித்த ஏப்பம். பல் கூசிக் கூசித் தேய்ந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார்கள், வைத்தேன். சரிவில் உன் அம்மா ராத்திரி முழுக்கக் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போவாள். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு கீழே பாய் விரித்தாள். என் இருமலில் தூக்கம் கெட்டு அடுத்த அறைக்குப் போனாள். நாங்கள் ஒரு சண்டையும் போடவில்லை. இரண்டு செங்கல் எங்களைத் தனித்தனி அறையில் போட்டுவிட்டது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் இந்த வியாதி என்ன செய்யும் என்று கேட்டால் இதைத்தான் செய்யும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு மரியாதையும் கிடையாது. சக்கரை வியாதிக்காரன் வந்தால் "அவருக்குச் சக்கரை இல்லாம போடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள். இதய வியாதிக்காரனுக்கு நாற்காலி போடுவார்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். எனக்கு? "அட, கேஸ்தானே, ஒரு சோடா குடிச்சிட்டு நடங்க சார், எல்லாம் போய்டும்." நூறு பேர் சொல்லியிருப்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர். அவர் பெண் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், முரளி. உயிருக்குப் போராடி வந்தவனைப் பார்த்து! இப்படி ஒரு புத்தி.

அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. எனக்குக் காரம் கூடாது என்றதும் உன் அம்மா இரண்டு சமையல் செய்தாள். எனக்குத் தனியாகப் பாசிப்பருப்பும் சுரைக்காயும், உனக்கும் அவளுக்கும் குழம்பு. தாளிக்கிற வாசனை வரும். நான் பருப்பைப் பிசைந்துகொண்டு உங்கள் தட்டையே பார்ப்பேன். நீ இன்டர் பாஸான அன்று உனக்காக அவள் ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தாள். ஞாபகம் இருக்கிறதா? நீ எலும்பை உறிஞ்சுகிற சத்தம் எனக்குத் தாங்கவில்லை. "ஒருத்தன் இங்க செத்துக்கினு கீறேன், உங்களுக்குக் கறி கேக்குதா" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நீ கையில் இருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "எனக்கும் வேணாம் நைனா" என்றாய். அன்று முதல் வீட்டில் ஒரே சமையல் ஆயிற்று. என் சமையல். நீ வெளியில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டாய், உன் அம்மாவுக்கு அந்த வழியும் இல்லை. மாங்காய் இத்தனை விளைகிற ஊரில் இருந்துகொண்டு அவள் ஊறுகாய் போடுவதை நிறுத்தினாள். ஒருநாள் பின்கட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் கிண்ணத்தை நீட்ட, உன் அம்மா நின்றபடியே ஊறுகாயும் சோறும் அவசர அவசரமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்தாள். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. டாக்டர் எனக்குத்தான் பத்தியம் சொன்னார், அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னது நான்.

பிறகு உன் கல்யாணம். திருப்பதியில் பெண் வீட்டார் பந்தி. சம்பந்தி இலையில் பெண்ணின் தகப்பன் தன் கையால் மூன்று தடவை பரிமாறுவார், மறுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புளிச்சகீரைக் கோங்கூராவும் பருப்புப் பொடியும் நெய்யுமாக உன் மாமனார் வாளியோடு வந்து நின்றார். எனக்கு நெஞ்செரிச்சல் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அந்தச் சோடாப் பேச்சைக் கேட்க வேண்டுமே! அன்று சனிக்கிழமை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "மன்னிக்கணும். சனிக்கிழமை சாமிக்கு விரதம். பாலும் பழமும்தான்." அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "பாவகாரு, மீரு சால பெத்த மனிஷி" என்றார், சம்பந்தி ரொம்பப் பெரிய மனுஷராம். வேங்கடவன் மேல் இத்தனை பக்தி உள்ள சம்பந்தி கிடைத்தாரே என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அன்று பிடித்தது சனி. அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு வந்தது திங்கள்கிழமை, சிவனுக்கு விரதம் என்றேன். செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு. ஒரு புதன்கிழமை வந்து மாட்டிக்கொண்டு என்ன சாமி என்று தெரியாமல் முழித்தேன். அதற்கும் பெருமாளையே இழுத்தேன். நான் வருகிற நாளில் அந்த மனுஷன் உங்கள் வீட்டில் வெங்காயத்தைக்கூட நிறுத்திவிட்டார். இதோடு விட்டாரா? மலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கென்று புளியோதரையும் லட்டும் வாங்கி வருவார். "பாவகாரு, இது சாமி பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது." பக்தனுக்கு மறுக்க வழி உண்டா? கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றுவிட்டு, அன்று ராத்திரி உங்கள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிய வைப்பேன். தியானம் செய்கிறார், தொந்தரவு செய்யாதே என்று அவர் லாவண்யாவிடம் சொல்வது என் காதில் விழும். உண்மையைச் சொல்ல எத்தனை தடவை வாய் திறந்தேன் தெரியுமா? அந்தக் கும்பிடு நின்றுபோய்விடுமே என்று மூடிக்கொண்டேன்.

அவர் மேல் எனக்குப் பொறாமை. என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆவக்காய் ஊறுகாயைக் குழம்பு மாதிரி ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு தலையணைகூட இல்லாமல் தரையில் மல்லாந்து படுப்பார், ஐந்து நிமிஷத்தில் குறட்டை. மனுஷன் மல்லாந்து படுத்துத் தூங்குவதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், மணிக்கணக்காக. பணத்தைப் பார்த்து நான் யார்மேலும் பொறாமைப்பட்டதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து தூங்குகிறவனைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

லாவண்யாவுக்குத் தாய் இல்லாததால் பிரசவத்துக்கு உன் அம்மா வந்தாள். ஒரு மாதம் என்று போனவள் ஐந்து மாதம் இருந்துவிட்டாள். நான் இங்கே இட்லியும் கஞ்சியும் நானே செய்துகொண்டேன், அதில் எனக்குக் குறை இல்லை. குறை எங்கே வந்தது என்றால் வீடியோ காலில். உங்களோடு இருக்கிற உன் மாமனார், மனைவி போனபிறகு சமைக்கக் கற்றுக்கொண்டவர், நன்றாகவே சமைக்கிறார் போல. போனைத் திறந்தாலே உன் அம்மா எதையாவது மென்றுகொண்டிருப்பாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. பேச்சு கணீரென்று இருந்தது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேனே, என்ன மாத்திரை எடுத்து வைக்கட்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். விசேஷத்துக்கு முன்னால் ஒத்திகை என்று உன் மாமனார் சங்கட்டியும் நாட்டுக்கோழியும் செய்திருந்தார். உன் அம்மா உதடெல்லாம் காரத்தில் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருங்க, கை எச்சி" என்று சொல்லிவிட்டு விரலை நக்கினாள். பின்னாலிருந்து அவர் என்னவோ சொன்னார், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கெட்ட எண்ணம் எனக்கு ஒன்றும் இல்லை, அந்த அளவுக்கு நான் கீழே போகவில்லை. ஆனால் என் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் அப்படிச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அப்படிச் சிரித்ததையும்.

போனை வைத்தேன். சட்டையை மாட்டினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற மெஸ்ஸில் போய் உட்கார்ந்து, "சங்கட்டி ஒண்ணு, நாட்டுக்கோழி ஒண்ணு" என்றேன். சங்கட்டி உருண்டையைக் குழியாக்கி, அது நிறையக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டேன். வேர்க்கடலைச் சட்னி வைத்தான், அதையும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இதில் உனக்கு மட்டும்தானா பங்கு, எனக்கும்தான் என்று உன் மாமனாரிடம் மனசுக்குள் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். கட்டிலில் படுக்கவில்லை. தரையில், தலையணை இல்லாமல், மல்லாந்து படுத்தேன். தூங்கியும் போனேன்! நாலரை மணிக்கு எழுப்பியது வலி. நெஞ்சின் நடுவில் பிடித்து முதுகுக்குப் போனது, வியர்த்துக் கொட்டியது. அப்போது நிஜமாகவே பயந்துபோனேன். ஒன்றரை மணி நேரம் தண்ணீர் குடித்து, நடந்து, மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு அடித்தேன். அந்தப் போன் பொய் இல்லை. நெஞ்சு வலி என்றால் யாராக இருந்தாலும் ஓடத்தான் வேண்டும். கேஸ்தானே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, அதில் நீ செய்தது சரி.

பொய் அதற்குப் பிறகு. ஈசிஜி எடுத்து முடித்து, "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, "ரெண்டு இட்லி" என்றேன். ஏன் சொன்னேன் தெரியுமா? சுற்றிப் பார்த்தேன். நீ என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். உன் அம்மா என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நர்ஸ் பெண் "தாத்தா, எழுந்திருக்காதீங்க" என்கிறாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் நெஞ்சுக்கு ஒரு மரியாதை. அது தித்தித்தது, முரளி. ஒரு வார்த்தை உண்மை சொன்னால் எல்லாரும் "ப்ச், கேஸ்" என்று எழுந்து போய்விடுவார்கள். விடியும்போது உன் மாமனார் வராந்தாவில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ இட்லி வாங்கி வந்து கொடுத்தாய். "பாவகாரு எழுந்து துன்னட்டும், அப்பறம் நான் துன்றேன்" என்று ஓரமாக வைத்துவிட்டார். அந்த மனுஷன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வியாழக்கிழமை என்னை வீட்டில் விட வரும்போது உன் கார்க் கதவுப் பையில் ஒரு பாட்டில் பார்த்தேன். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அந்த ரோஸ் கலர் மருந்து. பாதி காலி. "இது இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல நைனா, நைட் ஷிப்ட்ல கொஞ்சம் கரிக்குது" என்றாய். ஒரு தகப்பனுக்கு அந்த இடத்தில் பகீர் என்று இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான். இனிமேல் நான் சொல்வது இவனுக்குப் புரியும், எனக்குத் துணைக்கு ஒருவன் வந்தான் என்று. அடுத்த நொடி என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெற்ற பிள்ளையின் நல்ல வயிற்றைப் பார்த்தும் நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒன்று மட்டும் செய். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நாளைக்கே நல்ல டாக்டரிடம் போ. கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல். லாவண்யாவிடம் மறைக்காதே. ஷிப்ட் முடிந்து வந்து தின்றதும் படுக்காதே. பத்தியம் சொன்னால் நீ மட்டும் இரு. அவள் தட்டைப் பார்க்காதே.

இன்று காலை உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, "செவ்வாக்கெழம நான் கோழி துன்னேன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "எங்க?"

"பஸ் ஸ்டாண்டு மெஸ்ல. சங்கட்டியும் கோழியும். அதான் வலி."

"டாக்டர்கிட்ட இட்லின்னீங்களே."

"பொய் சொன்னேன்."

அரிசியை இன்னொரு தண்ணீரில் களைந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு."

அதற்குத்தான் அழுதாள். "கூட குந்திக்கினு துன்ன ஒரு ஆள் இல்லாம, கடையில போயி ஒண்டியா துன்னுட்டு வந்து கீறீங்க. எல்லாம் நான் அங்க போய் குந்திக்கினதால வந்தது. இனிமே உங்கள உட்டுட்டு எங்கியும் போவ மாட்டேன்" என்று மூக்கைச் சிந்திவிட்டு எனக்குப் பாசிப்பருப்பு வேகப் போட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் கோபித்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்படித் திரும்பும் என்று நினைக்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே அந்த உப்பு சப்பில்லாத பருப்பை எனக்கு முன்னாலேயே ஒரு வாய் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டுகிறாள். மூன்று நாளில் கன்னம் வற்றிவிட்டது. இல்லை, அது என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதோ என்னவோ.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திங்கள்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது நானே அவரிடம் உண்மையைச் சொல்வேன். அதற்குப் பிறகும் ஆஞ்சியோ வேண்டும் என்றால் செய்துகொள்ளலாம், வேண்டாம் என்றால் வீட்டுக்கு வரலாம். நீ பக்கத்தில் இரு, நான் மறுபடி இட்லிக்குத் தாவினால் பிடித்துக்கொள். உன் மாமனாரிடம் விரதக் கதையைப் பத்து மணிக்குமேல் குரல் வந்ததும் நானே சொல்கிறேன். அவருக்கு முழங்கால் சரியில்லை, அதனால் படியேற வேண்டாம் என்று நீ இன்றைக்கே தடுத்துவிடு. மொட்டை போடுவதை மட்டும் தடுக்காதே. இந்த வயதில் அவ்வளவு முடி எதற்கு அவருக்கு? லாவண்யாவிடம் திங்கள்கிழமை டாக்டர் சொல்வது தெரிகிற வரைக்கும் ராஜினாமாவில் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம் என்று சொல். பாப்பாவுக்கு அடுத்த நல்ல நாள் பாருங்கள். நான் வருகிறேன். என் டப்பாவில் என் சாப்பாட்டை எடுத்து வந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வரத்தான் செய்யும். வராது என்று சொன்னால் அதுவும் ஒரு விரதம் மாதிரிதான் ஆகும்.

கடைசியாக உன் அம்மா. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று நான் அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வராது, என்னைத்தான் பார்ப்பாள். அதனால் நீ கேள். இன்று சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு அவள் போனுக்குக் கூப்பிடு. திருப்பதிக்கு வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா என்று கேள். நைனாவுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, அவருக்குக் கஞ்சி வைத்துக்கொள்ளத் தெரியும், அவரே எழுதியிருக்கிறார் என்று சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்குச் சொல்லிவிடு. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன், ஆறு மணி வரைக்கும் திரும்ப மாட்டேன். நான் எதிரே இருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கிறேன் என்றுதான் சொல்வாள்.

உன்
நைனா